அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சில வாரங்களில் கண்ணும் சிறுநீரும் தெளிந்துவிட்டன. அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’, அதாவது ஹெபடைடிஸ் பி என்று வந்திருக்கிறது. டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை, சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் அண்ணி, மூன்று வயதுப் பையன், நீங்கள். அண்ணனுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டீர்கள், பையனை அவரிடம் விடுவதில்லை, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறீர்கள். இது போதுமா, மருந்தே தராமல் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: அவரிடமிருந்து எங்களுக்கு வருமா, வராமலிருக்க எதைச் செய்தால் உண்மையில் பலன்? நேரான பதில்: தட்டைப் பிரித்ததால் பயன் இல்லை. பையனைப் பிரித்ததால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வருத்தம்தான் மிச்சம். செய்ய வேண்டியதை இன்னும் செய்யவில்லை. வீட்டில் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணியின் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

நான் கல்லீரல் நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் மருத்துவர். ஆனால் உங்கள் அண்ணனை நான் பரிசோதிக்கவில்லை. நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு பரிசோதனையின் முடிவுதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய நிலைமை இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. எது உறுதி, எது மேலும் பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்த்தியான நிறத்தில் போவதும் ரத்தத்தில் பில்லிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடிவிட்டதைக் காட்டுகின்றன. கல்லீரல் பாதிக்கப்பட்டாலும் அது கூடும், பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கூடும், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் கூடும், சில மாத்திரைகளாலும் கூடும். வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி இந்தக் காரணங்களில் ஒன்று. அதிலும் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து வைரஸ்கள். பெயரில் ஒரே வரிசையில் நின்றாலும் இவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஏ, ஈ இரண்டும் நோயாளியின் மலத்தில் வெளியேறி, அது கலந்த தண்ணீர், உணவு, கழுவாத கை வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகின்றன. பி, சி, டி மூன்றும் ரத்தத்தின் வழியே பரவுபவை. பி வைரஸ் இதோடு உடலுறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் எளிதாகப் போகும். காமாலை என்றதும் தண்ணீரைக் கொதிக்க வை, பாத்திரத்தைப் பிரி என்று சொல்லும் வழக்கம் ஏ, ஈ இரண்டையும் மனதில் வைத்து வந்தது. பி வைரஸுக்கு அந்த வேலி எதிர்ப்பக்கத்தில் போட்ட வேலி. வரும் வழி திறந்தே கிடக்கிறது.

அந்த வழி எது என்று பார்ப்போம். பி தொற்று உள்ளவரின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே தொற்றுவதற்குப் போதும். உடலை விட்டு வெளியே வந்த பிறகும், காய்ந்துபோன நிலையிலும், குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி தடுப்பூசி போடாத ஒரு மருத்துவப் பணியாளரின் கையில் குத்திவிட்டால் அவருக்குத் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். அதே விபத்தில் ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி, காதணி, சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசி ஆகியவற்றை அண்ணனுக்குத் தனியாக வைக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறோம் என்பது புரியும். அவருக்குக் காயம் பட்டால் கட்டுப்போட்டு மூடி வையுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுக்கொண்டு துடைத்தெடுத்து, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிடுங்கள். கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுத்துக் கொஞ்சுவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, இருமல், தும்மல் ஆகியவற்றால் பி பரவுவதில்லை. எச்சிலில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்க முடியும் என்பது உண்மை. கடித்ததால் தொற்றிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன, ஏனென்றால் அங்கே தோல் கிழிகிறது. பாத்திரத்தைப் பகிர்ந்ததால் தொற்றியதாகக் காட்டப்படவில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். விளையாட்டில் படும் சிராய்ப்பு, சொறி, புண் வழியாக வீட்டுக்குள்ளேயே குழந்தைகளுக்குப் பரவுவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்கும் தடுப்பூசிதான் வழி, அப்பாவின் மடியிலிருந்து இறக்கிவிடுவது வழியல்ல.

இனி அண்ணனின் ரிப்போர்ட். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது வைரஸின் மேலுறையில் உள்ள புரதம். அது ரத்தத்தில் இருந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது. அது எப்போது வந்தது என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. இங்கே இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று மிகவும் தள்ளி நிற்பவை. ஒன்று, கடந்த சில மாதங்களுக்குள் முதன்முறையாகத் தொற்றி, அதன் விளைவாகவே காமாலை வந்திருக்கலாம். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய பொதுவாக ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். இன்னொன்று, குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, அவருக்கே தெரியாமல் பல வருடங்களாக உடலில் இருந்திருக்கலாம். அப்படியென்றால் இப்போது வந்த காமாலைக்குக் காரணம் அந்தப் பழைய தொற்று திடீரென்று கிளர்ந்ததாகவும் இருக்கலாம், ஏ அல்லது ஈ வைரஸ் புதிதாக வந்து மேலே ஏறியதாகவும் இருக்கலாம். காமாலையோடு வந்த ஒருவருக்குப் பி பாசிட்டிவ் என்று கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஏ, ஈ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். பரிசோதனை, அதாவது புதிய தொற்றின்போது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளுக்கான பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். பி வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.எம். பரிசோதனையும் இருக்கிறது. அது வலுவாகப் பாசிட்டிவ் என்றால் புதிய தொற்று என்று சாய்வோம். சாய்வோம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் பழைய தொற்று கிளரும்போதும் சில சமயம் அது பாசிட்டிவாக வரும். இதைத் தீர்த்துவைப்பது காலம்தான். முதல் பரிசோதனையிலிருந்து ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தால் உடல் வைரஸை அடக்கிவிட்டது. அப்போதும் இருந்தால் அது நாள்பட்ட தொற்று.

எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொற்றிய வயது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்டதாக நிலைத்துவிடும். ஐந்து வயதுக்குள் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெரியவரின் எதிர்ப்பு சக்தி வைரஸ் குடியேறிய கல்லீரல் செல்களை அடையாளம் கண்டு தாக்குகிறது. அந்தத் தாக்குதல்தான் காமாலை, களைப்பு, வாந்தி என்று வெளியே தெரிகிறது, வைரஸும் பெரும்பாலும் ஒழிகிறது. பச்சிளங்குழந்தையின் உடல் அந்த வைரஸை அந்நியனாக நினைப்பதில்லை. சண்டை இல்லை, அறிகுறி இல்லை, வைரஸ் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. நாள்பட்ட பி தொற்று உள்ளவர்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண் மஞ்சளானதில்லை. கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகுதான் முதன்முறையாக மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இருபது வருடங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருக்கக்கூடாதா என்றுதான் எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். 2022-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட பி தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் தொற்று கண்டறியப்பட்டவர்கள் 13 சதவீதம்தான். பி, சி வைரஸ்களால் அந்த ஒரே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 13 லட்சம்.

மருந்து தராதது புறக்கணிப்பு இல்லை. பெரியவருக்குப் புதிதாக வந்த பி தொற்று பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், வைரஸ் மருந்து தேவைப்படாது. கல்லீரல் செயலிழக்கும் அறிகுறி தெரிந்தால் அல்லது நோய் கடுமையாக நீண்டால் தருவோம். நாள்பட்டதாக இருந்தால் கதை வேறு. அப்போதும் எல்லோருக்கும் உடனே மருந்து என்று இல்லை. ரத்தத்தில் வைரஸின் அளவு, கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைமின் அளவு, கல்லீரலில் தழும்பு எவ்வளவு, வயது, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் உண்டா என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுப்போம். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றி, முன்பைவிட அதிகமான பேருக்குச் சிகிச்சை தரலாம் என்று வரம்பைத் தளர்த்தியது. டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை தினம் ஒன்று என்று விழுங்கும் மாத்திரைகள். வைரஸ் பெருகுவதை நன்றாக அடக்கிவைக்கும், கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் முற்றிலும் ஒழிப்பது அரிது. பி வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையம்போலச் சுருண்டு தங்கிவிடுகிறது, இன்றைய மாத்திரைகள் அந்த வளையத்தை எட்டுவதில்லை. அதனால்தான் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் சீறிக் கிளம்பிக் கல்லீரல் செயலிழக்கும் நிலைவரை போகக்கூடும். இதே காரணத்தால், பி தொற்று குணமாகிப் பல வருடம் ஆனவரும் பின்னாளில் புற்றுநோய் மருந்தோ, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால் தனக்கு ஒருகாலத்தில் பி இருந்தது என்று அந்த டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தொற்று வருவது அப்பாவிடமிருந்து நேராக அல்ல, அம்மாவுக்குத் தொற்று இருந்தால்தான். எனவே முதலில் அண்ணிக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., அதற்கான எதிர்ப்புப் பொருள், உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்புப் பொருள் என்று மூன்றும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்து நெகட்டிவ் என்று வந்திருந்தாலும், அதன் பிறகு அண்ணனுக்குக் காமாலை வந்திருக்கிறது என்பதால் மறுபடி பார்க்க வேண்டும். தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று வந்தால் உடனே தடுப்பூசியைத் தொடங்கலாம். அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, கர்ப்பகாலத்தில் போடலாம். அண்ணனுக்கு வந்தது புதிய தொற்று என்றால், கடைசியாக உடலுறவு கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளையும் தருவது உண்டு. தேவையா என்பதை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்வார். அண்ணிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரியும்வரை ஆணுறை அவசியம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். நீங்கள் தம்பியோ தங்கையோ, நேராகச் சொல்ல முடியாவிட்டால் இந்தப் பத்தியை அப்படியே அவர்களிடம் காட்டுங்கள்.

ஒருவேளை அண்ணிக்குத் தொற்று இருந்தால் அதற்கும் தெளிவான வழி இருக்கிறது, பயந்து ஒடுங்க வேண்டியதில்லை. ரத்தத்தில் வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், கர்ப்பத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 28-ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தருவோம். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின். பிறகு அட்டவணைப்படி மீதித் தவணைகள். இப்படிச் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் தொற்றில்லாமல் தப்பிவிடுகிறார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அண்ணிக்குத் தொற்று இல்லை என்றாலும் பிறக்கும் குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பரிந்துரை. பிரசவ அறையின் பரபரப்பில் இது தள்ளிப்போவது உண்டு. முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த நாளில் மறுபடி கேளுங்கள்.

இந்தத் தடுப்பூசியின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1960-களில் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெவ்வேறு மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதிய புரதத்தைக் கண்டார். இன்று உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. அதுதான். 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். அந்தப் புரதத்தை வைத்தே தடுப்பூசி செய்தார்கள். 1984-இல் தைவான் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கி, பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. அதற்கு முன் அங்கே பத்தில் ஒரு குழந்தைக்குப் பி தொற்று இருந்தது. பிந்தைய தலைமுறையில் அது மிகச் சிறிய அளவுக்கு இறங்கியது, கூடவே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதகுலம் முதலில் கண்டது இதில்தான்.

பெரியவர்களுக்கு வழக்கமான அட்டவணை இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. நடுவில் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆரோக்கியமான இளம் வயதினரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பைத் தரும். வயது ஏற ஏற, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் இருந்தால், பலன் குறையும். தொற்றுள்ளவரோடு ஒரே வீட்டில் இருப்பதால் உங்களுக்கும் அண்ணிக்கும் கடைசித் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்ப்பது நல்லது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. பையனின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், குழந்தைப் பருவத்தில் ஏற்கெனவே போட்டிருக்க வாய்ப்பு அதிகம். போட்டிருந்தாலும் அவனுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். அண்ணனுக்கு எப்போது தொற்றியது என்று நமக்குத் தெரியாதே. உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் வேறு ஊரில் இருந்தாலும் அவர்களுக்கும் இது பொருந்தும். பிறப்பிலேயே வந்த தொற்று என்றால் அம்மாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இருக்கலாம்.

தண்ணீர் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடலாமா என்று நினைப்பீர்கள். வேண்டாம், தொடருங்கள். மேலே சொன்னபடி காமாலையைக் கொண்டுவந்தது ஈ வைரஸாகவும் இருக்கலாம், வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறார். ஈ தொற்று மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் மட்டும் கல்லீரல் வேகமாகச் செயலிழந்து, பாதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் பேர்வரை இறக்கக்கூடும். கர்ப்பிணிகளிடம் மட்டும் இது ஏன் இவ்வளவு மூர்க்கமாக நடந்துகொள்கிறது என்பதற்கு ஹார்மோன் மாற்றம், எதிர்ப்பு சக்தி மாற்றம் என்று பல விளக்கங்கள் உண்டு, முடிவான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. 1955-56-இல் டெல்லியில் யமுனை வெள்ளத்தோடு சாக்கடை குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஏ வைரஸ்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தபோது அது ஏ இல்லை என்று தெரிந்தது. அந்த வேறு வைரஸைக் கண்டது மிகைல் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி. நோயுற்ற ராணுவ வீரர்களின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைத் தானே குடித்து, தனக்கு நோய் வந்த பிறகு தன் மலத்தில் வைரஸைக் கண்டறிந்து 1983-இல் வெளியிட்டார். ஈ வைரஸுக்குத் தடுப்பூசி சீனாவில் 2011-இல் அனுமதி பெற்றது. பல நாடுகளில் அது கிடைப்பதில்லை. ஆகவே கொதித்த தண்ணீரும் சுத்தமான கையும்தான் அண்ணிக்கு இப்போதைய காப்பு. சில வகை ஈ வைரஸ்கள் பன்றி, காட்டுப்பன்றி, மான் இறைச்சி அரைவேக்காடாக இருந்தால் அதன் வழியாகவும் வரும்.

ஏ வைரஸுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. அது நாள்பட்டதாக ஆவதில்லை. ஆறு வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிகுறியே தெரியாமல் வந்துபோகும், வயதானவர்களுக்குத்தான் கடுமை. காமாலை கண்ணில் தெரிவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான் நோயாளியின் மலத்தில் இந்த வைரஸ் மிக அதிகமாக வெளியேறும். கண் மஞ்சளான பிறகு தட்டைப் பிரிப்பது ஏ வைரஸுக்கும்கூடத் தாமதமான நடவடிக்கை என்பதை இதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளலாம். கை கழுவுவது என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும். சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. 1988-இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியைச் சாப்பிட்டதால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஏ தொற்று வந்தது. உங்கள் அண்ணனுக்குப் பி நாள்பட்டதாக உறுதியானால் அவருக்கு ஏ தடுப்பூசி போடச் சொல்வோம். ஏற்கெனவே பாதிப்புள்ள கல்லீரலின் மேல் இன்னொன்று விழுந்தால் தாங்காது.

சி வைரஸைப் பற்றிச் சுருக்கமாக. இதற்குத் தடுப்பூசி இல்லை. தொற்றியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு நாள்பட்டதாக மாறும். ஆனால் இதை முற்றிலும் ஒழிக்கும் மாத்திரைகள் 2013-க்குப் பிறகு வந்துவிட்டன. பொதுவாக 8 முதல் 12 வாரம், 95 சதவீதத்துக்கு மேல் குணம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சி எதிர்ப்புப் பொருள் பரிசோதனை குணமான பிறகும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கலாம். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை. அந்த எதிர்ப்புப் பொருள் பாதுகாப்பும் தராது, மறுபடி தொற்றலாம். ஊசி சுத்தமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தைச் சொல்வார்கள். நத்தை வழியாக வரும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950-களிலிருந்து பல ஆண்டுகள் ஊசி மருந்து போட்டார்கள். ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தியதில் நாடு முழுக்கச் சி பரவியது. அதே எகிப்து 2018-இல் தொடங்கிப் பெரியவர்கள் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, பாசிட்டிவ் வந்தவர்களுக்கு இலவச மாத்திரை தந்து மீண்டுவந்தது. அண்ணனுக்குச் சி பரிசோதனையும் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், மூன்றும் ஒரே வழியில் வருபவை. நாள்பட்ட பி உறுதியானால் டி வைரஸுக்கும் பார்க்க வேண்டும். டி தனியாக வாழ முடியாது, பி-யின் உறையைக் கடன் வாங்கித்தான் பரவும். இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் வேகமாகக் கெடும். பி தடுப்பூசி போட்டவருக்கு டி வராது.

அண்ணன் இப்போது மதுவைத் தொடக்கூடாது. காமாலைக்கு என்று யாராவது தரும் மூலிகைச் சாறு, பொடி, லேகியம் எதையும் எடுக்க வேண்டாம். பெரியவர்களின் காமாலை பெரும்பாலும் தானாக இறங்கும், அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுத்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தேவைப்பட்டால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உணவில் பத்தியம் தேவையில்லை, எது செரிக்கிறதோ அதை வயிறார சாப்பிடலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சில் குழப்பம், மூக்கு அல்லது ஈறிலிருந்து ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு வீக்கம் என்று எது தெரிந்தாலும் அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். பில்லிரூபின் ஏறிக்கொண்டே போகும்போது எஸ்.ஜி.பி.டி. மட்டும் சட்டென்று இறங்கினால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ரத்தம் உறையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கல்லீரலின் நிலை தெரியும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அண்ணன் கேட்க வேண்டியவை: ஏ, ஈ ஐ.ஜி.எம். பார்த்தாயிற்றா, பி வைரஸின் அளவு எவ்வளவு, சி, ஹெச்.ஐ.வி. பார்த்தாயிற்றா, ஆறு மாதப் பரிசோதனை எந்தத் தேதியில். அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். அன்றும் பாசிட்டிவ் என்று வந்தால் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ரத்தப் பரிசோதனை, புற்றுநோய் அபாயம் உள்ளவர் என்று டாக்டர் கருதினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன். பல் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது தனக்குப் பி உண்டு என்று சொல்ல வேண்டும், ரத்த தானம் செய்யக்கூடாது. அதைத் தவிர வேலை, பயணம், சேர்ந்து சாப்பிடுவது, குழந்தையைத் தூக்குவது என்று எதையும் அவர் விட வேண்டியதில்லை.